இருபது பவுண்டும் திரும்பி வராத கைனேனேயும்

1970 ஜனவரி 15 அன்று நைஜீரிய உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட பயாஃப்ரா சரணடைந்தது. இந்தப் போரில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று நைஜீரிய அரசின் தலைவர் யாகுபு கோவன் அறிவித்தார். பெருந்தன்மையான அறிவிப்புதான். ஆனால், அதையடுத்து வங்கிகளில் நடந்தது வேறு. பயாஃப்ரா நாணயத்தை ஒப்படைத்தவர்களுக்கும், போர்க்காலத்தில் அங்கே வங்கிக் கணக்கை இயக்கியவர்களுக்கும் அரசு ஒரே அளவான தொகையை நிர்ணயித்தது. ஒருவருடைய சேமிப்பு நூறு பவுண்டாக இருந்தாலும் பத்தாயிரம் பவுண்டாக இருந்தாலும் அவர் கைக்குக் கிடைத்தது 20 பவுண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். வளர்ச்சிப் பொருளியல் வகுப்பில் நைஜீரியா என்றால் எண்ணெய் வளமும் அந்த வளம் நாட்டுக்குச் சாபமாக மாறிய விதமும்தான் பேசுபொருள். உள்நாட்டுப் போர் ஒரு பத்தியில் கடந்துபோகும். அந்தப் பத்திக்குள் எத்தனை குடும்பங்களின் வரவு செலவு அடங்கியிருக்கிறது என்பதை எனக்குத் துலக்கிக் காட்டியது ஒரு நாவல். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அங்கோசி அடிச்சி எழுதி, 2006-இல் வெளிவந்த ‘ஹாஃப் ஆஃப் எ எல்லோ சன்’ என்னும் அந்த நாவல், 2007-இல் பிரிட்டனின் ஆரஞ்சு பரிசைப் பெற்றது. மஞ்சள் சூரியனின் பாதி என்று பொருள்படும் அந்தத் தலைப்பு பயாஃப்ராவின் கொடியைக் குறிக்கிறது. சிவப்பு, கறுப்பு, பச்சைப் பட்டைகளின் நடுவே அரைச் சூரியன் உதிக்கும் கொடி அது.

போரைப் பின்னணியாகக் கொண்ட நாவல்கள் ஏராளம். பலவற்றில் போர் ஒரு திரைச்சீலை போலப் பின்னால் தொங்கும். முன்னால் காதலும் பிரிவும் நடக்கும். அடிச்சியின் நாவலில் வரலாறு வீட்டுக்குள் நுழைகிறது. உறவினர் எந்த ஊரில் பிழைக்கிறார், நாக்கு எந்த மொழியை எப்படி உச்சரிக்கிறது, தட்டில் என்ன உணவு இருக்கிறது, பணம் எந்த வங்கியில் கிடக்கிறது என்ற சாதாரண விவரங்கள் வழியாகவே அது நுழைகிறது. ஒரு நாட்டின் போர்க்கால வரலாற்றை மனிதர்களின் வாழ்க்கையோடு பிணைக்கும் இந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

ஒரு வரவேற்பறையும் ஒரு புதிய நாடும்

கதை 1960-களின் தொடக்கத்தில், கிழக்கு நைஜீரியாவின் என்சுக்கா என்னும் பல்கலைக்கழக ஊரில் தொடங்குகிறது. நைஜீரியா விடுதலை பெற்றது 1960 அக்டோபர் 1 அன்று. அதே மாதம்தான் என்சுக்கா பல்கலைக்கழகமும் வகுப்புகளைத் தொடங்கியது. விடுதலைப் போராட்டத் தலைவர் நம்தி அசிகிவேயின் முயற்சியில் உருவான நிறுவனம் அது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளையாகத் தொடங்காமல், தொடக்கத்திலேயே தன் காலில் நின்றது. நாடும் பல்கலைக்கழகமும் ஏறத்தாழ இரட்டைக் குழந்தைகள். அடிச்சி வளர்ந்ததும் இந்த வளாகத்தில்தான். அவர் பிறந்தது 1977-இல், போர் முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. அவருடைய தந்தை இங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர். தாத்தாக்கள் இருவரும் போர்க்காலத்தில் இறந்தவர்கள்.

நாவலின் ஒடெனிக்போ இங்கே கணித ஆசிரியர். அவருடைய வரவேற்பறையில் மாலைதோறும் நண்பர்கள் கூடுவார்கள். இக்போ இனத்தவர், யொருபா இனத்தவர், இந்தியாவிலிருந்து வந்த பட்டேல் என்னும் விரிவுரையாளர் என்று பலரும் அமர்ந்து, ஆப்பிரிக்க ஒற்றுமை பற்றியும் இன அடையாளம் பற்றியும் உரக்க வாதிடுவார்கள். அந்த வீட்டுக்கு ஓபி என்னும் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறான் பதின்மூன்று வயது உக்வு. குழாயில் வரும் தண்ணீரும் குளிர்பதனப் பெட்டியும் அவனுக்கு அதிசயம். ஒடெனிக்போ அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறார்.

ஒடெனிக்போவின் காதலி ஒலான்னா, லாகோஸ் நகரின் பெரும் செல்வந்தர் ஒருவரின் மகள், லண்டனில் படித்தவள். அவளுடைய இரட்டைச் சகோதரி கைனேனே, துறைமுக நகரான போர்ட் ஹார்கோர்ட்டில் தந்தையின் தொழிலை நடத்துகிறாள். கைனேனேயைக் காதலிக்கும் ரிச்சர்ட் ஓர் ஆங்கிலேயர். இக்போ-உக்வு என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைமையான வெண்கலக் கலைப்பொருள்களால் ஈர்க்கப்பட்டு நைஜீரியாவுக்கு வந்தவர்.

இந்த ஐவரும் ஐந்து பொருளாதார நிலைகளைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உழவுக் குடும்பத்துச் சிறுவன், மாதச் சம்பளம் வாங்கும் அறிவுஜீவி, செல்வத்தைத் துறக்க நினைக்கும் மகள், செல்வத்தைக் கையாளத் தெரிந்த மகள், வெளிநாட்டவர். சகோதரிகளின் தந்தை அரசு ஒப்பந்தங்களால் பணம் சேர்ப்பவர். ஒப்பந்தம் ஒன்றுக்காக நிதியமைச்சரிடம் மகள் இணக்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு அந்த வணிகம் தாழ்ந்திருந்தது. புதிய குடியரசின் முதல் சில ஆண்டுகள் ஏன் அவ்வளவு விரைவாக மக்களின் நம்பிக்கையை இழந்தன என்பதை விளக்கப் பொருளியல் நூல்கள் பல பக்கங்களைச் செலவிடும். நாவலுக்கு ஓர் இரவு விருந்து போதுமாக இருக்கிறது.

1966: உச்சரிப்பும் முகவரியும்

நைஜீரியக் கூட்டாட்சியின் அடிப்படைச் சிக்கல் எண்ணிக்கை சார்ந்தது. வடக்கே ஹௌசா-ஃபுலானி, மேற்கே யொருபா, கிழக்கே இக்போ என்று ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஒரு பெரும்பான்மை இனமும் அதைச் சார்ந்த கட்சியும் கோலோச்சின. நாடாளுமன்ற இடங்களும் வருவாய்ப் பங்கீடும் மக்கள்தொகையைப் பொறுத்திருந்ததால், 1962, 1963 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அரசியல் சண்டையாக மாறியது. இதற்கிடையே கிழக்குப் பகுதியில் எண்ணெய் கிடைத்திருந்தது. 1956-இல் ஒலொயிபிரியில் கண்டுபிடிக்கப்பட்ட எண்ணெய், 1958 முதல் ஏற்றுமதியாகத் தொடங்கியது.

1966 ஜனவரி 15 அன்று இளம் இராணுவ அதிகாரிகள் ஆட்சிக் கவிழ்ப்பில் இறங்கினர். பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவா, வடக்குப் பிராந்திய முதல்வர் அகமது பெல்லோ, மேற்குப் பிராந்திய முதல்வர் சாமுவேல் அகிந்தோலா, நிதியமைச்சர் ஃபெஸ்டஸ் ஒகோட்டி-எபோ ஆகியோர் கொல்லப்பட்டனர். கவிழ்ப்பில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர் இக்போ அதிகாரிகள். கொல்லப்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் பிற இனத்தவர். அதன்பின் ஆட்சிக்கு வந்த தளபதி அகுயி-இரோன்சியும் இக்போ. எனவே வடக்கில் இது இக்போக்களின் சதியாகவே பார்க்கப்பட்டது. ஜூலையில் எதிர்க்கவிழ்ப்பு நடந்தது, இரோன்சி கொல்லப்பட்டார், கோவன் பொறுப்பேற்றார். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வடக்கு நகரங்களில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நோக்கி ஓடினர்.

இக்போ மக்கள் ஏன் வடக்கில் அவ்வளவு பேர் இருந்தனர்? காலனி ஆட்சியில் இருப்புப்பாதை வந்தபோது, எழுத்தராகவும் இரயில்வே ஊழியராகவும் வணிகராகவும் பிழைப்புத் தேடி அவர்கள் வடக்கே சென்றனர். நகரின் பழைய மதிலுக்கு வெளியே, ‘சபோன் காரி’ என்று அழைக்கப்பட்ட வெளியாருக்கான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஒலான்னாவின் மாமா குடும்பம் கானோ நகரில் இத்தகைய குடியிருப்பில்தான் இருக்கிறது. ஒலான்னா அங்கே சென்றிருந்த வேளையில் வன்முறை வெடிக்கிறது. மாமா, அத்தை, கர்ப்பிணியாக இருந்த அவர்களுடைய மகள் ஆகியோர் கொல்லப்பட்டதை அறிகிறாள். அவளைக் காப்பாற்றி இரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்பவன் மொஹம்மத் என்னும் ஹௌசா நண்பன். கூட்டம் பிதுங்கும் அந்த இரயிலில், ஒரு தாய் சுரைக்குடுக்கையின் மூடியைத் திறந்து காட்டுகிறாள். உள்ளே அவளுடைய மகளின் தலை. ஊருக்குத் திரும்பிய ஒலான்னாவால் சில காலம் நடக்க முடியவில்லை.

ஏறத்தாழ அதே நாள்களில் ரிச்சர்ட் கானோ விமான நிலையத்தில் நிற்கிறார். சுங்கப் பிரிவில் வேலை பார்க்கும் இக்போ இளைஞன் ஒருவன் அவரோடு மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கிறான். உள்ளே நுழையும் சிப்பாய்கள் இறைவனைப் போற்றும் அரபுத் தொடர் ஒன்றைச் சொல்லச் சொல்கின்றனர். அவன் வாய் திறந்தால் உச்சரிப்பு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். 1966 அக்டோபரில் கானோ விமான நிலையத்தில் இக்போ மக்கள் கொல்லப்பட்டது வரலாறு. நாவல் அந்த நிகழ்வுக்கு ஒரு முகமும் பெயரும் கொடுத்து, பிற்பாடு அந்த இளைஞனின் பெற்றோரைத் தேடிப் போகும் கடமையையும் ரிச்சர்டுக்குக் கொடுக்கிறது.

ஒருவருடைய முகவரியும் உச்சரிப்பும் உயிரைத் தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டால், கூட்டாட்சி என்ற சொல்லுக்குப் பொருள் இல்லாமல் போகிறது. 1967 ஜனவரியில் கானாவின் அபுரியில் நடந்த சமரசப் பேச்சின் உடன்பாடு நிலைக்கவில்லை. மே 27 அன்று கோவன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். இந்தப் பிரிவினை, எண்ணெய் வளம் மிகுந்த பகுதிகளையும் அங்கு வாழ்ந்த சிறுபான்மை இனங்களையும் இக்போ நிலப்பகுதியிலிருந்து தனியே பிரித்தது. மே 30 அன்று கிழக்குப் பிராந்திய ஆளுநர் ஒஜுக்வு பயாஃப்ராக் குடியரசை அறிவித்தார். ஜூலை 6 அன்று போர் தொடங்கியது.

பசியின் பொருளியல்

போரின் முதல் மாதத்திலேயே என்சுக்கா வீழ்ந்தது. ஒடெனிக்போவின் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. முதலில் சொந்த ஊரான அப்பா. பிறகு உமுவாஹியா நகரில் ஒரு வீடு. பிறகு அதே நகரில், பலரும் குடியிருக்கும் கட்டடத்தில் ஒற்றை அறை. இறுதியில் ஓர்லுவில் கைனேனேயின் வீடு. வரலாற்று நூலில் எனுகு 1967 அக்டோபரிலும், போர்ட் ஹார்கோர்ட் 1968 மேயிலும், உமுவாஹியா 1969 ஏப்ரலிலும் வீழ்ந்தன என்று படிப்போம். பயாஃப்ராவின் வரைபடம் சுருங்கச் சுருங்க, இந்தக் குடும்பத்தின் இருப்பிடமும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

போர்ட் ஹார்கோர்ட் வீழ்ந்ததோடு பயாஃப்ராவுக்குக் கடல் வழி இல்லாமல் போனது. நான்கு பக்கமும் முற்றுகை. இங்கே ஒரு பொருளியல் விளக்கம் தேவைப்படுகிறது. கிழக்கு நைஜீரியாவில் மரவள்ளிக்கிழங்கு விளைந்தது. வயிற்றை நிரப்ப அது போதும். புரதம் மட்டும் பெருமளவு வெளியிலிருந்து வந்தது. மாட்டிறைச்சிக்கான கால்நடைகள் வடக்கிலிருந்து ஓட்டி வரப்பட்டன. நார்வேயிலிருந்து உலர் மீன் கப்பலில் வந்தது. வணிகம் நடக்கும்வரை இது பலவீனமாகத் தெரியவில்லை. முற்றுகை இறுகியதும் இந்த இரு வழிகளும் அடைபட்டன. கூடவே, அகதிகள் நிறைந்த சிறு நிலப்பரப்பில் உள்ளூர்க் கோழியும் ஆடும் விரைவில் தீர்ந்தன. விளைவு, குவாஷியார்கர் என்னும் புரதக் குறைபாட்டு நோய். வயிறு ஊதி, முடி செம்பட்டை படிந்து, கால் வீங்கிய குழந்தைகளின் படங்கள் 1968-இல் உலக இதழ்களில் வெளிவந்தன.

பஞ்சம் என்பது உணவு இல்லாமையைவிட, உணவைப் பெறும் உரிமை சிலரிடம் இல்லாமையே என்று 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து விளக்கியவர் அமர்த்திய சென். வங்கத்தில் விலை உயர்வும் வருமான இழப்பும் ஏழைகளைக் கொன்றன. பயாஃப்ராவில் அந்த உரிமையைப் படைபலம் நேரடியாகவே பறித்தது. எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கு இன்றும் உறுதியான எண் கிடையாது. ஐந்து இலட்சம் முதல் முப்பது இலட்சம்வரை மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. இவ்வளவு பெரிய இடைவெளியே ஒரு செய்தி: அந்த மரணங்களை யாரும் எண்ணவில்லை.

நாவல் இந்த எண் இல்லாத இடத்தில் நிற்கிறது. பணக்கார வீட்டில் பிறந்த ஒலான்னா நிவாரண மையத்தின் வரிசையில் காத்திருக்கிறாள். முட்டை மஞ்சள்கருத் தூள் கிடைக்குமா என்பது அன்றைய கேள்வி. ஒருநாள் மையத்தில் வேலை செய்யும் ஒருவர் பழைய அறிமுகத்தால் அவளுக்கு ஒரு டப்பா இறைச்சி தருகிறார். வழியில் போரால் சித்தம் கலங்கிய சிப்பாய்கள் அதைப் பறித்துக்கொள்கிறார்கள். கைனேனே ஓர்லுவில் அகதிகள் முகாமை நடத்துகிறாள். ஒரு காலத்தில் ஒப்பந்தங்களைப் பேசி முடித்த அதே கூர்மையோடு, மருந்துக்கும் பால்பொடிக்கும் பேரம் பேசுகிறாள். அவளுடைய திறமை மாறவில்லை. அதன் பயன் மாறிவிட்டது.

முற்றுகைக்கான பொறுப்பு நைஜீரிய அரசைச் சேரும். அந்த அரசுக்குப் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் ஆயுதம் வழங்கின. ஆனால் கதை அவ்வளவோடு முடிவதில்லை. நிவாரணம் தன் சோதனைக்கு உட்பட்ட தரைவழியில்தான் செல்ல வேண்டும் என்று நைஜீரியா வலியுறுத்தியது. அதை ஏற்கப் பயாஃப்ராத் தலைமை மறுத்தது. ஆயுத விமானங்களும் உணவு விமானங்களும் ஊலி என்னும் ஒரே ஓடுபாதையில் இரவு நேரத்தில் இறங்கின. பட்டினிக் குழந்தையின் படம் ஒரு தரப்புக்குப் போர்த் தந்திரமாகவும், மறு தரப்புக்குப் பரப்புரைக் கருவியாகவும் ஆனது. அங்கே பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர்கள் சிலரின் முன்முயற்சியில் 1971-இல் தொடங்கப்பட்டதுதான் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு.

தூய்மையாக யாரும் மிஞ்சவில்லை

இந்த நாவல் வரலாற்றுச் சான்றாக நம்பத்தக்கதாக இருப்பதற்கு முக்கியக் காரணம், தன் தரப்பு மக்களைப் புனிதர்களாக்க அது மறுப்பதுதான். பயாஃப்ராவுக்குள்ளும் பதவியில் இருந்தவர்கள் வசதியாக வாழ்கின்றனர். ஒடெனிக்போவின் வரவேற்பறையில் வாதிட்ட பேராசிரியர் ஒருவர் உயர் பதவி பெற்றுப் பெரிய வீட்டில் இருக்க, ஒடெனிக்போ ஒற்றை அறையில் குடித்துச் சீரழிகிறார். துரோகி என்ற ஐயம் காற்றில் மிதக்கிறது. கிழக்கின் சிறுபான்மை இனத்தவர்மீது அந்த ஐயம் எளிதாகப் படிகிறது.

உக்வுவின் கதை இன்னும் கடினமானது. அகதிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அவன், வலுக்கட்டாயமாகப் படையில் சேர்க்கப்படுகிறான். ஒரு மதுக்கடையில் வேலை செய்யும் பெண்ணைச் சக சிப்பாய்கள் கூட்டாக வன்புணர்வு செய்யும்போது, கேலிக்கு அஞ்சி அவனும் அதில் பங்கேற்கிறான். போர் முடிந்து ஊர் திரும்பும்போது, எதிர்ப்படைச் சிப்பாய்கள் தன் தங்கைக்கு அதையே செய்திருப்பதை அறிகிறான். நாவலில் நாம் மிகவும் நேசிக்கும் பாத்திரம் இவன்தான். ஆசிரியர் அவனை மன்னிக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. போர் நல்ல சிறுவனை என்னவாக ஆக்குகிறது என்பதைப் பக்கச்சார்பின்றி எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

நாவலின் கட்டமைப்பும் இதற்கு உதவுகிறது. நான்கு பகுதிகளில் அறுபதுகளின் தொடக்கமும் இறுதியும் மாறி மாறி வருகின்றன. போருக்கு முன் இந்தக் குடும்பத்துக்குள் நடந்த துரோகங்களை, போரின் அழிவைப் பார்த்த பிறகே நாம் அறிகிறோம். ஒடெனிக்போ வேறொரு பெண்ணோடு உறவுகொண்டதும், ஒலான்னா ரிச்சர்டோடு ஓர் இரவைக் கழித்ததும், அதனால் சகோதரிகள் பேசாமல் போனதும் அப்போது தெரியவருகின்றன. போரின் நடுவே, கொடுமையைக் கண்ணால் கண்டபின், கைனேனே சகோதரியைத் தேடி வருகிறாள். நாட்டின் பிளவு ஆழமாகும் நேரத்தில் ஒரு வீட்டின் பிளவு ஆறுகிறது.

போருக்குப் பிந்தைய கணக்கு

இனி அந்த 20 பவுண்டுக்கு வருவோம். 1968 ஜனவரியில் நைஜீரிய அரசு பழைய நாணயத் தாள்களைக் குறுகிய அவகாசத்தில் செல்லாதவையாக்கிப் புதியவற்றை வெளியிட்டது. பயாஃப்ராவிடம் இருந்த பழைய தாள்கள் மதிப்பிழந்தன. பயாஃப்ரா தன் சொந்த நாணயத்தை அச்சிட்டது. உள்ளே பொருள்களே இல்லாததால் அந்த நாணயத்தின் வாங்கும் திறன் கரைந்துகொண்டே வந்தது. உப்பு அரிய பொருளாயிற்று. எல்லைக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பகுதிக்குப் போய் வாங்கி விற்கும் ஆபத்தான வணிகம் வளர்ந்தது. அதில் பெரும்பாலும் ஈடுபட்டவர்கள் பெண்கள்.

போர் முடிந்ததும் இந்த நாணயத்துக்கும் கணக்குகளுக்கும் தரப்பட்ட விலைதான் 20 பவுண்டு. அன்றைய நிதிப் பொறுப்பாளர் ஒபாஃபெமி அவோலோவோ இதற்கு நிர்வாகக் காரணங்களைச் சொன்னார். எழுத்தாளர் சினுவா அச்செபெ 2012-இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பு நூலில் அவரைக் கடுமையாகச் சாடியபோது, நைஜீரியாவில் பெரும் விவாதம் எழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வங்கி முடிவு அவ்வளவு சூட்டைக் கிளப்பியது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பலரும் அஞ்சிய பெரும் பழிவாங்கல் போருக்குப் பின் நிகழவில்லை. இக்போ ஊழியர்கள் பலர் அரசுப் பணிக்குத் திரும்பினர். ஆயினும், குண்டு வீசாமலும் ஓர் இனத்தை நலிவடையச் செய்ய முடியும். போர்ட் ஹார்கோர்ட்டில் இக்போக்கள் விட்டுச்சென்ற வீடுகள் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்று அறிவிக்கப்பட்டுப் பிறர் கைக்குப் போயின. 1972-இல் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர்களுக்கு ஒதுக்கும் ஆணை வந்தது. பங்கு வாங்க முதலீடு தேவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 20 பவுண்டோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்களிடம் அது எங்கிருந்து வரும்? ஒரு தலைமுறைக்கு ஒருமுறை திறக்கும் வாய்ப்பு, பலரின் கண்ணெதிரே மூடிக்கொண்டது. பிற்பாடு இக்போ வணிகர்கள் மீண்டெழுந்தது, இளைஞர்களைத் தொழில் பழக வைத்து, பயிற்சி முடிவில் முதல் கொடுத்து அனுப்பும் அவர்களுடைய மரபின் வலிமையால்தான் என்று கருதுவோர் பலர்.

நாவலில் கைனேனேயின் போர்ட் ஹார்கோர்ட் வீட்டில் வேறொருவர் குடியேறியிருப்பதை ரிச்சர்ட் பார்க்கிறார். என்சுக்காவுக்குத் திரும்பும் ஒடெனிக்போ, தன் புத்தகங்கள் எரிந்து குவிந்து கிடப்பதைக் காண்கிறார். ஒலான்னா தன்னிடமிருந்த பயாஃப்ரா நாணயத் தாள்களை எரிக்கிறாள். நினைவை எரிக்கிறாயே என்று கணவர் கேட்க, பிறர் நுழைந்து பறித்துவிடக்கூடிய பொருள்களில் தன் நினைவை வைக்க அவள் மறுக்கிறாள். பணத்தாள் என்பது அரசு தரும் வாக்குறுதி என்று மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். வாக்குறுதி தந்த அரசே மறைந்தபின் அந்தத் தாள் என்னவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

எழுதும் உரிமை யாருக்கு?

நாவலுக்குள் இன்னொரு நூல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. பயாஃப்ரா மடிந்துகொண்டிருந்தபோது உலகம் காத்த மௌனத்தைப் பற்றியது அது. இடையிடையே வரும் அதன் பகுதிகளை ரிச்சர்ட் எழுதுகிறார் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். முடிவில்தான் தெரிகிறது: எழுதியவன் உக்வு. இந்தப் போர் தான் சொல்ல வேண்டிய கதை அல்ல என்பதை ரிச்சர்ட் உணர்ந்துவிடுகிறார். சமையலறையில் தொடங்கிய கிராமத்துச் சிறுவன் தன் நாட்டின் வரலாற்றாசிரியனாகிறான். குற்றம் இழைத்த கையும் எழுதும் கையும் ஒன்றே என்பதால், அந்த எழுத்துக்கு ஒரு கனம் சேர்கிறது.

இது வெறும் இலக்கிய உத்தி என்று நான் நினைக்கவில்லை. நைஜீரியப் பள்ளிகளில் வரலாறு என்னும் பாடமே சில ஆண்டுகள் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. இந்த நாவலைத் தழுவிய திரைப்படம், 2014-இல் தணிக்கைச் சிக்கலால் அந்நாட்டில் உடனே திரைக்கு வர இயலவில்லை. பேசாமல் விட்டால் காயம் ஆறிவிடும் என்று அரசுகள் நம்புகின்றன. போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்தும் பயாஃப்ரா என்ற முழக்கம் தென்கிழக்கு நைஜீரியாவில் மீண்டும் எழுவது, அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டதையே காட்டுகிறது. அதை எழுப்புவோரில் பலர் போரைப் பார்த்திராத இளைஞர்கள்.

போர் முடியும் தறுவாயில், முகாமில் உள்ளவர்களுக்கு உணவு வாங்கி வர கைனேனே எல்லை தாண்டிய சந்தைக்குச் செல்கிறாள். திரும்பி வரவில்லை. சில நாள்களில் போர் முடிகிறது. ஒலான்னாவும் ரிச்சர்டும் மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் தேடுகின்றனர். உடல் இல்லை, சாட்சி இல்லை, பதிவேட்டில் பெயர் இல்லை. அவள் இறந்தாளா என்பதை நாவல் சொல்லாமலே முடிகிறது. சில வாசகர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஐந்து இலட்சத்துக்கும் முப்பது இலட்சத்துக்கும் இடைப்பட்ட அந்த எண்ணில் கைனேனே எங்கே இருக்கிறாள் என்று கேட்டுப் பார்த்தால், இதைவிட உண்மையான முடிவு இருக்க முடியாது என்பது புரியும்.

கணக்கில் வராதவர்களுக்கு இழப்பீடு கிடையாது, நினைவுநாள் கிடையாது. போர் முடிந்ததாக அறிவிக்கும் எந்த அரசும், அன்றே இரண்டு பட்டியல்களைத் தயாரிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியல். மற்றொன்று, மக்கள் இழந்த வீடு, நிலம், சேமிப்பு ஆகியவற்றின் பட்டியல். இவை இல்லாத நல்லிணக்கம், வென்றவர் தம் வசதிக்கேற்ப எழுதிக்கொள்ளும் இருப்புநிலைக் குறிப்பாகவே இருக்கும். அரசு அந்தப் பட்டியல்களை எழுதத் தவறிய இடத்தில்தான், போருக்குப் பின் பிறந்த ஒரு பெண் உட்கார்ந்து ஒரு நாவலை எழுத வேண்டியிருந்தது.